து பிஷ்வாத்: நான்கு கோப்பை, ஒரு தட்டு அவல், ஒரு பாதாம் கன்று

இந்த வருஷம் து பிஷ்வாத்தை வீட்டிலேயே முழுசாகச் செய்து பார்த்தோம். யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் பதினைந்தாம் நாள், மரங்களின் புத்தாண்டு. 2026-ல் பிப்ரவரி 1, ஞாயிறு, சூரியன் மறைந்ததும் தொடங்கியது, அன்றைக்கே தைப்பூசமும். இரண்டும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் இப்படி அடிக்கடி அமையும், 2024-லும் ஜனவரி 25-ல் சேர்ந்தே வந்தன.

நாங்கள் இருப்பது இஸ்ரேலில் ரெஹோவோத். வைஸ்மன் ஆய்வு நிறுவனத்து வேலைக்காக வந்த குடும்பம். இங்கே பல வீடுகளில் இந்த நாளுக்கு ஒரு தட்டு உலர்பழம் வைப்பார்கள், பள்ளியில் பிள்ளைகளை மரம் நடக் கூட்டிப்போவார்கள், அதோடு முடிந்துவிடும். எனக்கு ஆசை இருந்தது செதேர் மேல், அதாவது நான்கு கோப்பை ஒயினோடு, பழங்களை ஒரு முறைப்படி அடுக்கி, சுற்றுச் சுற்றாகச் சாப்பிடும் சடங்கு. ட்ஸ்ஃபாத் ஊரின் கபாலா என்னும் யூத மறைஞான மரபின் ஞானிகளின் வழியில் வந்தவர்கள் வகுத்தது, 18-ஆம் நூற்றாண்டில் அச்சாகிவிட்டது.

அதற்கு முந்தைய கதையும் எனக்குப் பிடிக்கும். இந்த நாள் பண்டிகையாகத் தொடங்கவில்லை, வரிக்கணக்கு நாளாகத்தான் தொடங்கியது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் நான்கு புத்தாண்டுகள் சொல்லியிருக்கிறது, அதில் மரத்துக்கு ஷெவாத் ஒன்றாம் தேதி என்றார்கள் ஷம்மாய் என்ற குருவின் வழியினர், பதினைந்து என்றார்கள் ஹில்லேல் என்ற குருவின் வழியினர், பதினைந்துதான் நின்றது. அந்த வருஷத்து மழையில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்துவிடும், அதற்குப் பிறகு பிஞ்சு பிடிப்பதெல்லாம் புது வருஷக் கணக்கில் சேரும், பத்தில் ஒரு பங்கு காணிக்கையை அந்தக் கணக்கில்தான் எடுக்க வேண்டும். ஒரு மரத்தின் வயதை மழையையும் பிஞ்சையும் பார்த்து எண்ணியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன்.

டிசம்பர் கடைசியில் ஓட்டோடு இருந்த, வறுக்காத பாதாம் வாங்கி, ஓட்டை லேசாக விரிசல் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பாதாம் விதைக்கு ஒரு குளிர்காலம் கழிந்தது போலத் தெரிந்தால்தான் முளைக்கும். துணியை அவ்வப்போது மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சில விதைகள் அழுகிப் போயின, மற்றவற்றில் ஜனவரி முடிவதற்குள் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது.

சந்தைக்கு இரண்டு நாள் முன்பே போனோம். உலர்பழம் இந்த நாளோடு ஒட்டிக்கொண்டது ஐரோப்பிய யூதர்களால்தான். அங்கே கடுங்குளிரில் இஸ்ரேல் மண்ணில் விளைந்ததைச் சாப்பிட வேண்டுமென்றால் கெடாமல் வந்து சேரும் காய்ந்த பழம்தான் வழி, முக்கியமாக கரோப் மரத்தின் இனிப்பு நெற்று. இங்கேயே உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு உலர் அப்ரிகாட்டை வாங்கித் தட்டை நிரப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆரஞ்சு, அவகாடோ எல்லாம் பக்கத்துத் தோப்புகளில் விளைகிற மாதம் இது, பேரீச்சை தெற்கே அரவா பாலைவனத்திலிருந்து வருகிறது. பருவம் இல்லாத அத்தியையும் திராட்சையையும் மட்டும் உலர்ந்ததாக வாங்கினேன்.

மேல் வீட்டுப் பாட்டி இதில் பெரிய துணை. அவர் பெனே இஸ்ரேல் என்னும் இந்திய யூதச் சமூகம், கொங்கணக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம், இன்னும் மராத்தி பேசுவார். உலர் அத்தியைப் பிளந்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பேரீச்சையையும் நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். கோஷர், அதாவது யூத உணவு விதி, பார்க்கும் வீடுகளில் இதை விடவே மாட்டார்கள்.

பாட்டியின் சமூகத்துக்கு இந்த நாள் எலியா தீர்க்கதரிசியின் நாளும்கூட. அலிபாக் பக்கம் கண்டாலாவில் ஒரு பாறை, அதில் எலியாவின் ரதம் வானேறிய தடம் இருக்கிறது என்பது பெனே இஸ்ரேல் நம்பிக்கை, து பிஷ்வாத்துக்கு அங்கே போவார்கள். வீட்டில் மலிதா என்ற இனிப்பு அவல் செய்வார்கள். அதைப் பாட்டி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் செய்தேன். அவலை ஊறவைக்கக் கூடாது, வடிதட்டில் போட்டு ஒரு தரம் தண்ணீர் காட்டினால் போதும், உதிரியாக நிற்க வேண்டும். அப்புறம் துருவிய தேங்காய், சர்க்கரை, ஏலப்பொடி, கொஞ்சம் ஜாதிக்காய், நறுக்கிய பாதாமும் பிஸ்தாவும், உலர்திராட்சை. நான் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்டேன், சில வீடுகளில் போடுவதுண்டு என்று தலையாட்டினார். கிருஷ்ண ஜெயந்திக்கு அம்மா செய்யும் வெல்ல அவலுக்கும் இதற்கும் தூரம் குறைவு. நடுவில் அவலைக் குவித்து, சுற்றிப் பழங்கள். ஒவ்வொன்றுக்கும் சாப்பிடும் முன் சொல்ல அதற்குரிய ஆசி. வாழைப்பழத்துக்கு மட்டும் மரக்கனி ஆசி கிடையாது, நிலத்தில் விளைவதற்கான ஆசிதான், ஏனென்றால் குலை தள்ளியதும் தண்டு பட்டுப்போய் அடியிலிருந்து புதுக்கன்று வருகிறது, அது மரக்கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் வாழைத்தோப்பு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

மாலையில் செதேர். முதல் கோப்பை முழு வெள்ளை, குளிர்காலத்தைக் குறிப்பது. பிள்ளைகள் இருந்ததால் ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறு. கூடவே வெளியில் ஓடோ தோலோ உள்ளவை: பாதாம், அக்ரூட், மாதுளை, ஆரஞ்சு, தேங்காய். இந்தச் சுற்றுக்கு ஓட்டோடு இருக்கும் கொட்டைகளையே வாங்குங்கள். உடைப்பதில்தான் இந்தச் சுற்றின் உயிரே இருக்கிறது, உரித்த முந்திரியைக் கிண்ணத்தில் வைத்தால் ஒன்றுமே நடக்காது. பிள்ளைகள் சுத்தியலோடு தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டாவது கோப்பை வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு. மூன்று பங்குக்கு ஒரு பங்கு கலந்தால் பாதாம்பூ நிறம் சரியாக வருகிறது. இதற்கு உள்ளே கொட்டை இருப்பவை, ஆலிவ், பேரீச்சை, அவகாடோ. பழங்களில் எதற்கு முதல் ஆசி என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பைபிளில் உபாகமம் 8:8-ல் நாட்டின் ஏழு விளைச்சல்களைச் சொல்லும் வரியில் 'நாடு' என்ற சொல்லுக்கு எது பக்கத்தில் வருகிறதோ அது முன்னால், அதன்படி ஆலிவ் பேரீச்சையையும் முந்திவிடும்.

மூன்றாவது சிவப்பு மிகுந்த கோப்பை, முழுசாகச் சாப்பிடக்கூடிய அத்தி, திராட்சை, அப்புறம் கரோப். கரோப் நெற்றைக் கடித்து மெல்லும்போது, கரோப் நட்ட கிழவரின் கதையைச் சொன்னேன்: இது காய்க்க எழுபது வருஷம் ஆகுமே என்று ஹோனி என்ற பழைய யூத ஞானி கேட்டதற்கு, எனக்கு முன்னோர் நட்டு வைத்தார்கள், என் பிள்ளைகளுக்கு நான் நடுகிறேன் என்றார் அவர். நிஜத்தில் கரோப் பத்து வருஷத்துக்குள்ளேயே காய்க்கத் தொடங்கிவிடும், கதையின் கனம் அதனால் குறையவில்லை.

நான்காவது கோப்பை சிவப்பு. பழம் கிடையாது, வாசனை மட்டும். தெருவோர ரோஸ்மேரி, கறுவாப்பட்டை, பிரிஞ்சி இலை. அத்தனை தின்ற பிறகு வெறுமனே முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் எல்லாருக்குமே பிடித்தது. ஓடு, கொட்டை, முழுப்பழம், மணம் என்று இந்த வரிசையில் போனால்தான் ஒவ்வொரு பழத்தையும் கையில் வைத்து நின்று பார்க்கிறோம், கலந்து கொட்டிய தட்டில் அது நடப்பதில்லை.

மறுநாள் பகலில், முளைத்தவற்றில் திடமான ஒன்றைக் குடியிருப்புத் தோட்டத்தில் அனுமதி வாங்கி, வேர் கீழ்நோக்கி இருக்கும்படி நட்டோம். 2022-ல் ஷ்மிதா வருஷம், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு, அப்போது நட்டிருக்க முடியாது. பாட்டி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்: முதல் மூன்று வருஷக் கனியைத் தொடக்கூடாது, ரோஷ் ஹஷானா என்ற யூத வருஷப் பிறப்புக்கு வெகு முன்பே நட்டதால் இதே முதல் வருஷமாகிவிடும், ஆனாலும் 2029 து பிஷ்வாத்துக்கு முன் பிஞ்சு பிடிப்பது எதையும் தின்னக்கூடாது, நான்காம் வருஷக் கனிக்குத் தனி விதி.

2027-ல் இது ஜனவரி 22 வெள்ளி மாலை தொடங்குகிறது. வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளில் சமையலும் நடவும் கூடாது, எனவே மலிதாவை வெள்ளி பகலிலேயே முடிக்க வேண்டும், கன்றுகளை அதற்கு முன்பே மண்ணில் இறக்கிவிட வேண்டும். பாதாமை டிசம்பர் தொடக்கத்திலேயே குளிரில் வைக்கப்போகிறேன், கூடவே கரோப் விதையும். அதன் தோல் கல் மாதிரி, உப்புத்தாளில் தேய்த்து ஊறவைத்தால்தான் முளைக்கும். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி என்பதால் ஒன்றுக்கு மேல் நட இடம் கேட்டிருக்கிறேன்.