தேதித் தாளில் இரண்டே முத்திரை

நூலகத்தில் புத்தகம் எடுத்தால் முதலில் தேதித் தாளைத்தான் பார்ப்பேன். முத்திரை குறைவாக இருந்தால், அதாவது அதிகம் பேர் எடுக்காத புத்தகம் என்றால், அது என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். எல்லாமே தேறாது, சரி. தேறுகிற ஒன்று போதும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல் 1972இல் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர் பிடித்த இந்தோனேசிய நகரமான மெடான், அப்புறம் பினாங்கு, நடுவே கதாநாயகன் பாண்டியன். அத்தனை குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் அவன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்ளும் பக்கங்களை உடனே திரும்பப் படித்தேன். வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான் அந்த நாவல் மேலே வந்தது. இன்னும் படிக்காதவர்கள் நிறையப் பேர். ஆரம்பப் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள், பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

உங்களிடமும் அப்படி ஒரு புத்தகம் இருக்குமே? பெயரோடு, ஏன் பிடித்தது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.