அமைச்சரின் பழைய கடிதம்

அந்தக் கடிதத்தை அமைச்சருக்கான குறிப்போடு இணைத்தது சரிதானா? பணி ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்விக்கு என்னால் ஒரே பதிலில் நிற்க முடியவில்லை. ஒருநாள் சரி என்று தோன்றும். மறுநாள், ஒருவர் வாயை நான்தானே அடைத்தேன் என்று தோன்றும்.

அந்த அமைச்சர் கீழே சமவெளியிலிருந்து வந்தவர், நீலகிரியின் மூன்று தொகுதிகளில் எதிலும் நின்றவரல்லர். பெயர் வேண்டாம். எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தபோது சட்டமன்ற உறுதிமொழிக் குழுவில் ஒருவராகக் கூடலூர் வந்தார். அமைச்சர்கள் அவையில் "செய்கிறோம்" என்று சொன்னது நடந்ததா என்று பார்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. மற்றவர்கள் சாலையில் நின்று மனு வாங்கிக்கொண்டார்கள். இவர் மட்டும் ஓவேலிப் பக்கம் ஒரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். ஊர் திரும்பியதும் ஒரு கடிதம் எழுதினார். தட்டச்சு இல்லை, நீல மையில் அவர் கையெழுத்து, வரிகள் வலப்பக்கம் கொஞ்சம் மேலேறிப் போகும். "அந்த வீட்டுப் பெண்பிள்ளை அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். அதற்குள் மின் இணைப்பு வருமா, வராதா என்பதை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள்."

'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போனது. வரைவு எழுதியது நான்தான். வேறு எதையும் எழுத எனக்கு அதிகாரமில்லை.

அந்த வீடு இருந்தது பிரிவு 17 நிலத்தில். பிரிவு 17 என்றால் கூடலூர், பந்தலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம், சுமார் 80,000 ஏக்கர். 1969ல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972ல் உச்ச நீதிமன்றம் அதில் வனநிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்றது. 1974ல் அரசியலமைப்பின் 34ஆவது திருத்தம் அந்தச் சட்டம் முழுவதையும் ஒன்பதாவது அட்டவணைக்குள், நீதிமன்றம் கைவைக்காதபடி, கொண்டுபோய் வைத்தது. அதிலிருந்து கிளம்பிய வழக்கில்தான் 2007ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தையும் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஆனால் அந்த 1969 சட்டத்தில் தோட்டக் குத்தகை பற்றிப் பேசும் 17ஆவது பிரிவுக்குள் மாட்டிக்கொண்ட நிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பும் இல்லை. எந்தத் துறை அமைச்சர் மலையேறினாலும் முதல் மனு இதுதான்.

அமைச்சர்களோ நிலையாக இருப்பதில்லை. 2003ல் வந்த 91ஆவது திருத்தத்தின்படி, 234 பேர் கொண்ட அவையில் முதல்வரையும் சேர்த்து 35 பேருக்குத்தான் இடம். அந்த இடமும் எப்போது வேண்டுமானாலும் கைமாறும். எங்கள் மாவட்டத்து கா. ராமச்சந்திரன் 2021ல் குன்னூரில் வென்று வனத்துறை அமைச்சரானார், 2022 டிசம்பரில் சுற்றுலாத்துறைக்கு மாற்றப்பட்டார், 2024 செப்டம்பரில் அமைச்சரவையிலிருந்து விடுவிக்கப்பட்டு அரசு கொறடா ஆனார். (நான் சொல்பவர் அவரல்லர்.) ஒரு கோப்பு தலைமைச் செயலகம் போய்த் திரும்புவதற்குள் கையெழுத்துப் போட வேண்டியவர் மாறிவிடுகிறார்.

ஆட்சி மாறியது. கடிதம் எழுதியவர் அமைச்சராகவே கூடலூருக்கு ஆய்வுக் கூட்டத்துக்கு வந்தார். பின்னணிக் குறிப்பு என் பொறுப்பு. "பழசையெல்லாம் கிளறாதீங்க, இப்போதைய நிலை மட்டும் போதும்" என்றார் என் மேலதிகாரி. தொடர்புடைய கடிதங்களை இணைப்பதுதானே நடைமுறை என்றேன். அது உண்மை. அந்தக் கையெழுத்து அவர் கண்ணில் பட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததும் உண்மை.

சுற்றுலா மாளிகையில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் அங்கே நின்றார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"பாஸாயிடுச்சுங்க ஐயா. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கு."

"வீட்டுக்குக் கரண்ட்?"

"இன்னும் இல்லீங்க."

"இதை வச்சது நீங்களா?"

"ஆமாங்க ஐயா."

கோபப்படவில்லை. மேலதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், கையமர்த்திவிட்டார். கோப்பை மூடி என்னிடமே நீட்டினார்.

கூட்டத்தில் பிரிவு 17 பற்றி அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. வழக்கு, மத்திய அரசு அனுமதி, வனச் சட்டம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொன்னார். "என் கையில இல்லாததைத் தர்றேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. இத்தனை ஆண்டில் ஓர் அமைச்சர் அந்த மக்களிடம் பொய் சொல்லாமல் இறங்கிப் போனதை அன்றுதான் பார்த்தேன். எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வாசலில் அந்த வீட்டுப் பாட்டி நின்றிருந்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். "மந்திரி என்னா சொன்னாரு தம்பி?" என்றார். சொன்னேன். "மத்தவங்கல்லாம் செய்யிறேன்னாச்சும் சொல்லிட்டுப் போனாங்களே" என்றார். குரலில் கோபமில்லை. என்னால்தான் பதில் பேச முடியவில்லை.

அங்கேதான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். கடிதம் இல்லாதிருந்தால் அவரும் ஏதாவது அறிவித்திருப்பார். மேடையில் சொன்னதை வைத்து யாராவது ஓர் உறுப்பினர் அவையில் கேள்வி கேட்டிருக்கலாம். அங்கே அமைச்சர் தரும் பதில் உறுதிமொழியாகப் பதிவாகும். அது நிறைவேறும்வரை குழு கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் எதுவும் சொல்லாமல் போனதால் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட இல்லை. ஆனால் அப்படி ஒரு குழுவில் இருந்தபோது அவர் எழுதிய கடிதத்துக்கே நாங்கள் போட்ட பதில் என்ன? ஏமாற்றாத அமைச்சர் வேண்டுமென்று எத்தனை தடவை டீக்கடையில் பேசியிருக்கிறோம்! வந்தார். அவரால் அந்தப் பாட்டிக்கு என்ன கிடைத்தது? பொய் வாக்குறுதி கிடைத்திருந்தால் மட்டும் விளக்கு எரிந்திருக்குமா?

கொஞ்ச நாளில் அவருக்குத் துறை மாறியது. அடுத்து வந்த அமைச்சருக்குக் குறிப்பு எழுதிய இளைஞர், "சார், இந்த லெட்டரையும் வைக்கணுமா? இவர் எழுதினதில்லையே" என்று கேட்டார். வைக்கச் சொன்னேன். அந்த அமைச்சர் இணைப்புப் பக்கங்களுக்கே போகவில்லை. விரைவில் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்று மேடையில் அறிவித்தார். பலத்த கைதட்டல். தேதி, இடம், சொன்ன வாசகம் மூன்றையும் அன்று மாலையே கோப்பில் எழுதி வைக்கச் சொன்னேன். அவையில் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.