பிஜிபெஞ்ச் காட்டும் டிபிஎஸ்ஸை எவ்வளவு நம்பலாம்? ஓட்டிப் பார்த்த குறிப்புகள்

களம்: 8 ஜிபி ரேம் லேப்டாப், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதோடு சேர்ந்தே வரும் வேகச் சோதனைக் கருவி பிஜிபெஞ்ச். அது காட்டும் டிபிஎஸ் என்பது ஒரு வினாடிக்கு முடியும் டிரான்சாக்‌ஷன்களின் எண்ணிக்கை.

முதல் ஓட்டம் ஸ்கேல் (சோதனை டேட்டாவின் அளவு) 1, கிளையன்ட் (ஒரே நேரத்தில் இணையும் பயனர்) 32, 60 வினாடி. டிபிஎஸ் சொற்பம், கிளையன்டைக் கூட்டினாலும் ஏறவில்லை. இதற்கு டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை. பிஜிபெஞ்சின் இயல்பான டிரான்சாக்‌ஷன் டிபிசி-பி என்ற பழைய வங்கிக் கணக்குச் சோதனை மாதிரி: அக்கவுண்ட்ஸ், டெல்லர்ஸ், பிராஞ்சஸ் டேபிள்கள் மூன்றிலும் ஓர் அப்டேட், ஒரு செலக்ட், ஹிஸ்டரியில் ஓர் இன்சர்ட். (டிபிசி-பியை அதை வகுத்த டிபிசி அமைப்பே 1995-இல் கைவிட்டுவிட்டது!) ஸ்கேல் 1-இல் அக்கவுண்ட்ஸுக்கு 1 லட்சம் ரோ, டெல்லர்ஸுக்கு 10, பிராஞ்சஸுக்கு ஒன்றே ஒன்று. 32 கிளையன்டும் அந்த ஒற்றை ரோவுக்காக ரேஷன் கடை க்யூவில் நிற்கின்றன. ஓடும்போதே, யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் வெயிட்_இவென்ட்டைப் பாருங்கள்: ரோ பூட்டுக்கான காத்திருப்பைக் குறிக்கும் டூப்பிள், டிரான்சாக்‌ஷன்ஐடி என்றே வரும். ஸ்கேல் எண் கிளையன்ட் எண்ணுக்குக் குறையவே கூடாது.

ஸ்கேல் 100: அக்கவுண்ட்ஸில் 1 கோடி ரோ, சுமார் 1.5 ஜிபி. எண் ஜோராக ஏறும், ஏனென்றால் மொத்த டேட்டாவும் ரேமில் அடங்கிவிட்டது. ஸ்கேல் 1000 சுமார் 15 ஜிபி, ரேமைப்போல இரண்டு மடங்கு, அங்கே சரியும். நிஜ சர்வரில் டேட்டாவுக்கும் ரேமுக்கும் என்ன விகிதமோ, சோதனையிலும் அதே விகிதம் வேண்டும்.

அப்போதும் ஒரு பொய் மிச்சம் இருக்கிறது. பிஜிபெஞ்ச் எல்லா அக்கவுண்ட்டையும் சம வாய்ப்பில் தொடுகிறது. நிஜத்திலோ இன்றைய ஆர்டரைத்தான் எல்லோரும் திறப்பார்கள். சொந்த ஸ்கிரிப்டில், சில எண்களையே அடிக்கடி தேர்ந்தெடுக்கும் ரேண்டம்_ஜிப்ஃபியன் ஃபங்ஷனைப் போடலாம், போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்பு முதல் உண்டு. பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். ஜிப்ஃபியன் 1, 2, 3 என்ற சின்ன எண்களையே அதிகம் தரும். அவை அடுத்தடுத்து ஒரே 8 கேபி பேஜில் கிடப்பதால் கேஷ் அநியாயத்துக்கு நன்றாக வேலை செய்யும். 14-ஆம் பதிப்பில் வந்த பெர்ம்யூட் ஃபங்ஷனால் கலைத்துப் போட்டால்தான் அடிக்கடி தொடப்படும் சூடான ரோக்கள் டேபிள் முழுக்கப் பரவும்.

ரீட்-ரைட் விகிதத்தை ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு க்வெரியும் எத்தனை முறை ஓடியது என்று எண்ணிவைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸில் நிஜ சர்வரின் கால்ஸ் எண்ணிக்கையை எடுத்து, ஸ்கிரிப்ட் பெயருக்குப் பின் @ போட்டு எடையாகக் கொடுத்தால் போதும்.

60 வினாடி ஓட்டம் எதற்கும் உதவாது. மெமரியில் மாறிய பேஜ்களை டிஸ்க்கில் எழுதிவைக்கும் செக்பாயின்ட்டின் இடைவெளி இயல்பாகவே 5 நிமிடம். செக்பாயின்ட்டுக்குப் பின் ஒரு பேஜை முதன்முதல் மாற்றும்போது முழுப் பேஜும் வால் (WAL) என்ற மாற்றப் பதிவேட்டுக்குப் போகும். அதனால் டிபிஎஸ்ஸில் விழும் குழி குட்டி ஓட்டத்தில் கண்ணில் படாது. அரை மணி நேரமாவது ஓட்டி, 10 வினாடிக்கு ஒரு முறை நிலவரம் அச்சிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, வேகத்தைக் கட்டிவைத்து ஓட்டும் ரேட் ஆப்ஷன். அது இல்லாவிட்டால் சர்வர் திணறும்போது கிளையன்டும் அடுத்ததை அனுப்பாமல் காத்திருக்கும். வெளியே நிற்கும் பயனர்களின் தாமதம் கணக்கிலேயே வராது. ரேட் கொடுத்தால் லேட்டன்சி (தாமதம்), திட்டமிட்ட தொடக்க நேரத்திலிருந்து எண்ணப்படும். சராசரியும் திட்ட விலக்கமும்தான் திரையில் வரும். 99-ஆம் சதமானம் (நூற்றில் 99 அதற்குள் முடியும் நேரம்) வேண்டுமென்றால் டிரான்சாக்‌ஷன் பதிவு ஃபைலை நேரப்படி வரிசைப்படுத்தித்தான் எடுக்க வேண்டும். அதில் நேரம் மைக்ரோசெகண்டில் இருக்கும், மில்லிசெகண்டாக்க 1000-ஆல் வகுக்காமல் பார்த்துப் பதற வேண்டாம்.