திரைக்கு முன்னால் நின்றேன்

என் பெட்டியில் பாதி துணி, பாதி பருப்புப் பொடி. "அண்ணி, முருகனைக் கும்பிடப் போறோமா, கடை போடப் போறோமா?" என்று நாத்தனார் சிரித்தாள். வெளியில் சாப்பிடுவதென்றால் என்ன எண்ணெய், எப்போது அரைத்தது, யார் நறுக்கியது என்று நாலு கேள்வி கேட்காமல் எனக்கு இறங்காது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் கதிர்காமத்துக்கு.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. இலங்கையில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டை இடித்துச் சேர்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. சிங்களத்தில் அதற்கு உம்பலகட என்று பெயர். 'உம்பலகட எபா', அதாவது மாசி வேண்டாம். விமானத்தில் நான் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியம் அதுதான். கொழும்பில் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வெறும் சோற்றில் பொடியைத்தான் பிசைந்து சாப்பிட்டேன்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளித்துவிட்டுத்தான் சந்நிதிக்குப் போகிறார்கள். நான் கரையிலேயே நின்றேன். வழுக்குமோ, ஆழமோ என்று யோசனை. பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்களத்துப் பெண் பேசாமல் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான், சரி.

மாலைப் பூசைக்குப் பழத்தட்டோடு வரிசையில் நின்றோம். கற்பூரம் எரியும் தேங்காயைச் சிதறவிட்டு, தமிழர்களும் சிங்களவர்களும் ஒரே குரலில் 'அரோகரா' என்கிறார்கள். உள்ளே போனால் சிலை இல்லை. வள்ளி தெய்வானையோடு முருகன் தீட்டிய திரைதான். கப்புறாளை என்கிற பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்ப் பூசை செய்கிறார். மந்திரம் காதில் விழுவதில்லை. அருணகிரிநாதர் பாடிய தலம். இவ்வளவு தூரம் வந்து ஒரு துணியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று முதலில் எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. அப்புறம் மணி அடித்தது. பக்கத்தில் ஒரு பாட்டி விம்மினாள். அந்த இரைச்சலில் நானும் கைகூப்பி அழுதுகொண்டிருந்தேன். எதற்கென்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

தட்டில் பாதிப் பழம் பிரசாதமாகத் திரும்பி வந்தது. வெளியே ஆற்றில் பார்த்த அதே பெண்ணின் மகள், தன் தட்டிலிருந்து ஒரு அன்னாசித் துண்டை என்னிடம் நீட்டினாள். வாயில் போட்டு மென்று விழுங்கிய பிறகுதான், யார் நறுக்கியது என்று கேட்கவில்லையே என்று உறைத்தது. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

இரவு விடுதிக்கார அம்மா மண்சட்டியில் எருமைத் தயிர் கொண்டு வந்தார். அந்தப் பக்கத்தில் பேர்போன தயிர் அது. கத்தியால் வெட்டலாம் போல் கெட்டி. மேலே கித்துள் பனையின் பாகை ஊற்றுகிறார்கள். லேசான புளிப்பு, அதன் மேல் புகைவாசம் கலந்த இனிப்பு. இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன். மூன்றாவது முறை சட்டியே என் பக்கம் வந்துவிட்டது.

கிளம்பும்போது, பிரிக்காத பொடிப் பொட்டலத்தை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்து, முகர்ந்து பார்த்தார். புருவத்தைச் சுருக்கி, எனக்காகத் தமிழிலேயே கேட்டார்: "இதுல என்ன போட்டிருக்கு?"

அதற்குள் எனக்கு இரண்டாவது வாக்கியமும் வந்திருந்தது. "உம்பலகட நே" என்றேன். மாசி இல்லை.