சாம்பல் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல்

19 அக்டோபர் 2024, சனி

சாம்பல் குஞ்சு சாயங்காலம் தீனிக்கு வரவில்லை. கம்பை இறைத்ததும் மற்ற குஞ்சுகள் தாய்க்கோழியை முந்திக்கொண்டு ஓடி வந்தன. இது மட்டும் பஞ்சாரத்தின் ஓரமாக முதுகைக் குறுக்கி, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றது. கையில் எடுத்தேன், திமிரவே இல்லை. ஐந்து வாரச் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு கைக்குள் சும்மா இருந்தால் அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஆனால் என்ன ஆகிவிட்டது என்பதை இந்தக் கோலம் சொல்லாது. சளிக்கும் கழிச்சலுக்கும் குடற்புழுவுக்கும் குளிருக்கும்கூடக் கோழி இப்படித்தான் குறுகி நிற்கும். அதனால் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணில் நீரோ நுரையோ இல்லை. மூக்கு காய்ந்திருக்கிறது. காதருகே வைத்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு இல்லை. அலகைத் திறந்தால் உள்ளே புண் இல்லை, ஆனால் வாயின் உள்பக்கம் வெளுத்திருக்கிறது. கழுத்தடித் தீனிப்பை பாதி காலி, தொட்டால் மெத்தென்று இருக்கிறது, புளித்த வாடை இல்லை. இறக்கைக்கு அடியில் பேன் இல்லை. கழுத்து நேராக நிற்கிறது, இரண்டு காலும் விரலைப் பற்றுகின்றன. நெஞ்செலும்பு மட்டும் கூராகத் தட்டுப்படுகிறது. பின்பக்க இறகில் ஈரமும் பழுப்புக் கறையும்.

ஆக, சங்கதி வயிற்றில்தான்.

அட்டைப்பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். உமி போடவில்லை. பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்திருக்கிறேன். ராத்திரி என்ன கழிக்கிறது என்று காலையில் தெளிவாகத் தெரியவேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு எரிகிறது. சூடு அதிகமானால் குஞ்சு தானாக விலகிக்கொள்ள இடம் வேண்டும்.

20 அக்டோபர், ஞாயிறு

தாளில் ரத்தம்.

கோழி எச்சத்தைப் பார்த்துப் பழகாதவர்கள் இந்த இடத்தில் குழம்பிப்போவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நல்ல கோழியின் எச்சம் பழுப்போ பச்சையோ கலந்து உருண்டு கிடக்கும், மேலே சுண்ணாம்புப் பூச்சு மாதிரி வெள்ளை இருக்கும். அந்த வெள்ளை அதன் சிறுநீர் உப்பு. பத்துக்கு ஒன்று என்கிற மாதிரி இடையில் கருப்பட்டி நிறத்தில் பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு ஒன்று வரும். அதுவும் நோய் இல்லை. குடலின் கடைசியில் இரண்டு பைகள் இருக்கின்றன, அவை காலியாகும்போது அப்படித்தான் வரும். சில சமயம் இளஞ்சிவப்பில் சின்னச் சவ்வுத் துணுக்கு ஒட்டியிருக்கும். குடலின் உள்தோல் உரிந்து வருவது அது. எப்போதோ ஒரு தடவை என்றால் பயப்பட வேண்டியதில்லை.

இன்று காலை பார்த்தது அதில் எதுவுமே இல்லை. தண்ணியான பழுப்புக் கழிச்சல், அதன் நடுவில் அசல் ரத்தம். ஒரு இடத்தில் தாளில் ஊறிப் பரவியிருந்தது. இன்னொரு இடத்தில் உறைந்து கட்டியாகக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டத்து அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சாட்ட இருக்குது. பொழுதோட மத்ததையெல்லாம் வித்துப்போடு" என்றார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். 1927இல் இமயமலைப் பகுதி ராணிக்கெட் ஊரில் பார்த்ததால் அந்தப் பெயர் வந்தது. அது நுழைந்தால் ஒரே வாரத்தில் ஒரு வளவின் கோழிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் அதில் கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும், கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிழைத்துக் கிடப்பவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வயது பார்க்காது, பெரிய கோழியையும் சாய்க்கும். இங்கே தாய்க்கோழியும் சேவலும் தெம்பாகத் திரிகின்றன. குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே அந்த நோய்க்கான லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து கண்ணில் விட்டாயிற்று.

"இல்லீங்க அப்பத்தா, ரத்தம் வருதுங்க. டாக்டர்கிட்ட எச்சத்தைக் காட்டிட்டுச் சொல்றேனுங்க" என்றேன். விற்கமாட்டேன் என்றும் சொன்னேன். சீக்கு வந்த வீட்டுக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் சீக்கையும் கூடவே நாலு ஊருக்குப் பரப்பிவிட்டு வருகிறோம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கலாம் என்று ஒரு யோசனை. என்ன நோய் என்று தெரியாமல் எந்த மாத்திரையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். ஆறவைத்த வெந்நீரில் வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து கொடுத்திருக்கிறேன். நாளை வரைக்கும் அது தாங்கவேண்டும்.

21 அக்டோபர், திங்கள்

காலண்டர் தாளிலிருந்த எச்சத்தை ஒரு சின்ன டப்பாவிலும், கூட்டுத் தரையில் பல இடங்களில் எடுத்த எச்சத்தை இன்னொரு டப்பாவிலும் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அப்படி இரண்டாக எடுத்துப்போனது நல்லதாயிற்று. டாக்டர் முதலில் கேட்டதே கூட்டத்தின் எச்சத்தைத்தான்.

உப்பைக் கரையும் மட்டும் கரைத்த தண்ணீரில் எச்சத்தைக் கலக்கி வடிகட்டினார். சின்னக் குழாயில் விளிம்பு வரை நிரப்பி, மேலே ஒரு கண்ணாடி வில்லையை மூடி வைத்துக் காத்திருந்தார். கிருமியின் முட்டைகள் மிதந்து வந்து வில்லையில் ஒட்டிக்கொள்ளுமாம். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். நீள்வட்டமாக, இரட்டைச் சுவர் வைத்து, உள்ளே ஒரு உருண்டையோடு நிறையக் கிடந்தன. காக்சிடியா, குடலில் வளரும் ஒட்டுண்ணிக் கிருமி. ரத்தக்கழிச்சல்தான்.

சாம்பல் குஞ்சின் எச்சத்தில் ரத்தம் நிறைய இருந்தும் முட்டை அரிதாகத்தான் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். குஞ்சு இந்தக் கிருமியை விழுங்கி நாலைந்து நாளிலேயே குடல் சுவர் பிய்ந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்துவிடும், முட்டை வெளியே வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்றார். அதனால் நோய் முற்றிய குஞ்சின் எச்சத்தில்கூட முதலில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஒரே ஒரு குஞ்சின் எச்சத்தைக் கொண்டுபோய், "ஒன்றுமில்லை" என்று கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேரோ என்று தோன்றியது.

மருந்து ஆம்ப்ரோலியம் தூள். எங்களுக்குக் கிடைத்தது 20 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள். அப்புறம் லிட்டருக்கு 0.3 கிராமாகக் குறைத்து ஒரு வாரம், பத்து நாள். பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் இந்தக் கணக்கை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சதவீதம் மாறினால் கிராமும் மாறும்.

டாக்டர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். மருந்துத் தண்ணீர் சாம்பல் குஞ்சுக்கு மட்டும் இல்லை, எல்லாக் குஞ்சுக்கும். இந்த மருந்து கிருமியை அதன் தொடக்க நிலையில்தான் நன்றாக மடக்கும், ரத்தம் வந்துவிட்ட குஞ்சுக்கு அது பாதித் துணைதான். ஓடியாடித் தின்றுகொண்டிருக்கும் குஞ்சுகளின் வயிற்றில் இப்போது வளர்ந்துகொண்டிருப்பதை நிறுத்தத்தான் இது முக்கியம். இன்னொன்று, மருந்து முடியும் வரை பி காம்ப்ளக்ஸ் டானிக் கூடாது. ஆம்ப்ரோலியம் தயமின் எனும் பி1 வைட்டமினைப் போல வேஷம் போட்டுத்தான் கிருமியைப் பட்டினி போடுகிறது. நாம் அசல் பி1ஐ ஊற்றிக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. ரத்தம் உறைய வைட்டமின் கே தனியாகக் கொடுத்திருக்கிறார்.

22 அக்டோபர், செவ்வாய்

சாம்பல் குஞ்சு தானாகக் குடிக்கவில்லை. சொட்டுக்குழாயில் கொடுக்கிறேன். அலகின் நுனியிலோ ஓரத்திலோ ஒரு சொட்டு வைத்தால் போதும், நக்கி விழுங்கிவிடுகிறது. வாயைப் பிளந்து ஊற்றக்கூடாது. நாக்குக்குப் பின்னால் சின்னப் பிளவு ஒன்று திறந்து மூடுகிறதே, அதுதான் மூச்சுக்குழாயின் வாய். அதில் தண்ணீர் போனால் நோயில் பிழைத்த குஞ்சும் போய்விடும்.

மழை விடவில்லை. வாசலில் தேங்கும் தண்ணீரை மற்றவை குடித்துவிட்டால் மருந்துத் தண்ணீரைத் தொடாது. அதனால் எல்லாவற்றையும் திண்ணையிலேயே அடைத்திருக்கிறேன். தாய்க்கோழிக்கு இது துளியும் பிடிக்கவில்லை, நாளெல்லாம் கொக்கரிக்கிறது.

23 அக்டோபர், புதன்

செவலைக் குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. நேற்று சாயங்காலம் வரை தின்றதை நானே பார்த்தேன். கையில் எடுத்தபோது அழுகையை அடக்க முடியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

புதைப்பதற்கு முன் மருந்தகத்துக்கு எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கச் சொன்னேன். இதைச் செய்யத்தான் வேண்டும். உயிரோடு இருப்பதைப் பத்து நாள் பார்த்தாலும் தெரியாதது, செத்ததை ஒரு தரம் திறந்தால் தெரிந்துவிடுகிறது. டாக்டர் குடலை நீளமாக எடுத்து வைத்தார். மேல்குடல் கிட்டத்தட்ட நன்றாகவே இருந்தது. கடைசியில் இரண்டாகக் கிளைக்கும் அந்தப் பைகள் மட்டும் என் சுண்டுவிரல் தடிமனுக்கு வீங்கி, கருஞ்சிவப்பாக இருந்தன. மெலிசாகப் பச்சையோடிய பழுப்பில் இருக்க வேண்டியவை அவை. ஒன்றைக் கீறியதும் உள்ளே முழுக்க ரத்தம், பாதி உறைந்தது. கோழிக் காக்சிடியாவான ஐமீரியா வகைகளில் டெனெல்லா என்பது பிடிக்கும் இடம் இதுதான் என்றார். ஈரலில் புள்ளி இல்லை. தீனிப்பைக்குக் கீழே இருக்கும் சின்ன வயிற்றின் உள்சுவரில் ரத்தப் புள்ளிகளும் இல்லை. ராணிக்கெட்டில் பெரும்பாலும் அவை இருக்குமாம்.

சாயங்காலம் அப்பத்தாவிடம் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் தன் வீட்டுக் குஞ்சுகளின் எச்சத்தைப் பார்க்க உடனே எழுந்துவிட்டார்.

24 அக்டோபர், வியாழன்

இன்று முழுக்கக் கூட்டு வேலை. மருந்தைவிட இதில்தான் என் நம்பிக்கை.

போன வாரக் காற்றில் மேற்கு மூலை ஓடு விலகி, அந்த இடத்து உமி முழுக்க ஊறிக் கிடந்தது. தண்ணித் தட்டும் அதே பக்கம். எச்சத்தோடு வெளியே விழும் முட்டை அப்போதே நோய் தராது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒரு நாள், இரண்டு நாளில் முதிர்ந்து, அப்புறம்தான் கொத்தும் குஞ்சைப் பிடிக்கும். ஐப்பசி மழையில் இந்த மூன்றும் அதற்குத் தாராளமாகக் கிடைக்கிறது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அந்த இரட்டைச் சுவரை ஒன்றும் செய்யாது. அது தாங்காதது ஈரமில்லாமல் காய்வதும் கடும் சூடும்தான்.

அதனால் பழைய உமியைச் சாக்கில் கட்டி, கோழி போகாத தூரத்தில் குழி வெட்டிப் போட்டாயிற்று. தரையைச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, வீட்டுக்காரர் கூரையில் ஏறி ஓட்டைச் சரிசெய்தார். தரை காய்ந்ததும் சுண்ணாம்புத் தூள், அதன்மேல் புது உமியும் கடலைப்பொட்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்க்கவேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டையாக நின்றால் மாற்றியாக வேண்டும். தண்ணித் தட்டைச் செங்கல்மேல் தூக்கி வைத்திருக்கிறேன், குஞ்சு அதற்குள் கழிக்காமல் இருக்க. இனி எச்சத்தைத் தினமும் வாரிவிடுவது. முதிர்வதற்குள் அள்ளிவிட்டால் சங்கிலி அறுந்துபோகும்.

26 அக்டோபர், சனி

சாம்பல் குஞ்சு காலையில் பெட்டிக்குள் குரல் கொடுத்தது! தாளில் ரத்தம் இல்லை. கழிச்சல் இன்னும் தண்ணியாகத்தான் இருக்கிறது, ஆனால் நிறம் பழுப்பு. வேகவைத்த முட்டை மஞ்சள்கருவை உதிர்த்து வைத்தேன், கொத்தித் தின்றது. அரிசிக் குருணையை ஊறவைத்துக் கொடுத்ததையும் தின்றது.

மருந்து இன்றிலிருந்து 0.3 கிராம். மற்ற குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு நாளாகக் கழிச்சல் இருந்தது, ரத்தம் வரவில்லை, நின்றுவிட்டது.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. வெடிச்சத்தத்துக்கு எல்லாவற்றையும் உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். சாம்பல் குஞ்சை இன்றுதான் கூட்டத்தோடு விட்டேன். தாய் ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டது.

5 நவம்பர், செவ்வாய்

நேற்றோடு மருந்து முடிந்தது. இன்றிலிருந்து பி காம்ப்ளக்ஸும், குடலின் உள்தோல் ஆற வைட்டமின் ஏவும் தண்ணீரில். முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து தினமும் போடுகிறேன், போட்டி போட்டுத் தின்கின்றன.

சாம்பல் குஞ்சு கூடப் பிறந்தவற்றைவிடச் சிறுத்துத்தான் இருக்கிறது. பிய்ந்த குடல் ஆறினாலும் தீனி உடம்பில் ஒட்டுவதற்குக் காலம் பிடிக்கும். இந்த வகைக் காக்சிடியா இனி இதை எளிதில் அசைக்காது, உடம்பில் எதிர்ப்பு வந்துவிட்டது. மற்ற வகைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் எச்சத்தை வாருவது நிற்காது. ஆட்டுக்கோ பிள்ளைகளுக்கோ ஒட்டுமா என்று தம்பி மனைவி போனில் கேட்டாள். கோழியின் காக்சிடியா கோழியோடு சரி, ஆட்டுக்கு வருவது வேறு.

குஞ்சுகளுக்கு இந்த வாரக் கடைசியில் எட்டு வாரம் ஆகிறது. ராணிக்கெட்டுக்கான ஆர்2பி ஊசி போடவேண்டிய சமயம். தெம்பாக இருப்பவற்றுக்கு மட்டும் முதலில் போடலாம், சாம்பல் குஞ்சுக்கு எடை கொஞ்சம் ஏறட்டும் என்றார் டாக்டர். அப்பத்தாவின் குஞ்சுகளையும் கூடைக்குள் வைத்துக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு குப்பி மருந்தைக் கரைத்தால் சீக்கிரம் தீர்த்துவிடவேண்டும், நிறையக் கோழிக்கு ஒரே நாளில் போட்டால்தான் வீணாகாது. தெருவில் வேறு யார் வீட்டில் எட்டு வாரக் குஞ்சு இருக்கிறது என்று நாளை காலை விசாரிக்கிறேன்.