மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை

மாடிப்படிக்கு அடியில கிடந்த பழைய சாமானை எல்லாம் ஒழிச்சு, ஒரு மேசை போட்டாச்சு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கு இனிமே இங்கதான் படிப்பு.

இதுவரைக்கும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதிதான் என் வகுப்பறை. 2010-ல திறந்த அந்தக் கட்டடத்துக்கு நான் பட்ட கடன் பெருசு. எனக்குன்னு ஒரு குறி பழகினது அங்கதான்: புரியாத வரிக்குப் பக்கத்துல பென்சில்ல வெறும் சுழி, புரிஞ்ச அன்னைக்கு அதுக்குள்ள ஒரு புள்ளி. பிள்ளையார் சுழி போட்டுப் பழகின கை, வால் நீண்டுடும். பக்கத்தைப் புரட்டினாலே பாக்கி எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்.

அரசியலமைப்பு 368-வது சட்டப்பிரிவு. எந்தத் திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களோட ஒப்புதலும் வேணும்? ஆறு மாசமா காலியா இருந்த சுழி. நேத்து ராத்திரி புள்ளி வெச்சேன்.