ஒற்றை லகரம்

"என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா டீச்சர்?"

பையனின் அம்மா இதைக் கேட்டது போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை. புதிய கேள்வி ஒன்றும் இல்லை. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கொடுக்கும் பயிற்சிக்காக நான் போகிற வீடுகளில் எல்லா அம்மாக்களும் ஏதாவது ஒரு விதத்தில் கேட்பதுதான். "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அடுத்த வாரமே அவன் 'அம்மா' என்று தொட்டான். அல்லது அவன் தொட்டான் என்று நான் எழுதிக்கொண்டேன். இன்னும் இந்த இரண்டில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவனுக்குப் பதினோரு வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது. 247 எழுத்தையும் ஓர் அட்டையில் அடைக்க முடியாது என்பதால் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 கட்டம் போட்டு ஓர் அட்டை செய்திருந்தேன். 'பு' வேண்டுமென்றால் முதலில் ப், பிறகு உ. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு 26 எழுத்தோடு முடிந்துவிடும். நமக்குப் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு முறை தொட வேண்டும். அந்த இடைவெளியில்தான் நான் புகுந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அட்டையை இடது கையில் பிடித்து அவன் நெஞ்சுக்கு நேராக நிறுத்துவேன். அவன் ஆள்காட்டி விரல் வரும். தொட்டதை மடியில் இருக்கும் நோட்டில் குறித்துக்கொள்வேன்.

அன்று அ தொட்டான். ம் தொட்டான். விரலை எடுத்துவிட்டான். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, அந்தப் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் கழித்து விரல் திரும்பி வந்து மறுபடியும் ம் மேல் நின்றது. அது இரண்டாவது ம் தானா, முதலில் விட்ட இடத்திலேயே வந்து இளைப்பாறியதா? "அம்மாவா?" என்று கேட்டேன். இரண்டு கைகளையும் உதறினான். மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். குக்கர் விசில் அடித்தாலும் அப்படித்தான் உதறுவான். ஆ என்ற கட்டத்தை அவன் தொடவே இல்லை. அதை எழுதியது நான். அவர்கள் வீட்டுப் பின்புறம் ஓர் அம்மி கிடக்கிறது. வெயில் தாழ்ந்ததும் அதன்மேல் போய் உட்காருவது அவனுக்குப் பிடிக்கும். அது எனக்கு அன்றும் தெரியும்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின விழாவுக்குப் பிள்ளைகளின் படைப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் ஓவியமும் காகிதப் பூவும் கொடுத்தார்கள். நான் கவிதை கொடுத்தேன். மாசி, பங்குனி மாதங்களில் அவன் தொட்ட சொற்கள் நோட்டில் இருந்தன. புளி சீசன் அது. தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டி ஓடு நீக்கிக் கொட்டை எடுப்பார்கள். அவன் பாட்டியும் தட்டுவார். அந்த லொட்டு லொட்டென்ற சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகப் போய்விடுவான். மழை பிடித்துக்கொண்டால் திண்ணையில் வேலை நின்றுவிடும். நான் எழுதிக் கொடுத்தது இது:

புளி தட்டும் சத்தம்
மழை வந்தால் இல்லை
அம்மா இருக்கிறாள்

மேடையில் இதைப் படித்தபோது கைதட்டல் அடங்க நேரம் ஆனது. "ஔவை பாடிய தகடூர் மண் அல்லவா" என்று ஒருவர் பேசினார். தர்மபுரியில் எந்த விழா என்றாலும் அதியமானையும் நெல்லிக்கனியையும் இழுக்காமல் விட மாட்டார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பையன் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தான்.

விழா முடிந்த பிறகுதான் நோட்டைச் சரியாகப் பார்த்தேன். 'தட்டும்', 'வந்தால்', 'இருக்கிறாள்' எல்லாம் என் சரக்கு. அது தெரிந்தே செய்ததுதான். குழந்தை இரண்டு சொல் சொன்னால் நாம் வாக்கியமாக்கிச் சொல்வதில்லையா என்று சமாதானம் வைத்திருந்தேன். ஆனால் அவன் தொட்டது இ, ல், ஐ. இலை. ஒரு ல் விட்டுவிட்டான் என்று நினைத்து இன்னொரு ல் சேர்த்து நான் 'இல்லை' ஆக்கியிருக்கிறேன். அவன் வரிசைப்படி எழுதினால்: மழை, இலை, புளி, சத்தம். மழைக்கு முன்னால் புளிய இலை மூடிக்கொள்வதைச் சொன்னானோ, இலையில் மழை விழும் ஓசையைச் சொன்னானோ. எப்படியானாலும் என் மூன்று வரியைவிட அது நல்ல கவிதை. அவன் அடையாள அட்டையில் ஆட்டிசத்துக்கான அரசுச் சொல் இருக்கிறது: புறஉலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம். நான்கு சொல்லும் புற உலகம்தான். உள்ளே இருந்ததெல்லாம் நான் சேர்த்தது.

இந்த லகரத்தை வைத்துத்தான் எனக்காக நானே வாதாடுகிறேன். என் கைதான் அவனை நடத்தியது என்றால், நான் நினைக்காத 'இலை' எப்படி வந்தது? நான் தப்பாகப் படித்ததே அவனுக்குச் சாட்சி அல்லவா? சரி. அப்படியானால் 'அம்மா'? அதை எதிர்பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தேனே. மேலும் 'இல்லை' என்று தொட வந்து உண்மையிலேயே ஒரு ல் விட்டிருந்தால், இந்தச் சாட்சியும் போயிற்று.

எனக்கு இது தெரியாமல் இல்லை. 1990களில் அமெரிக்காவில், கையைப் பிடித்துத் தட்டச்சு செய்ய வைக்கும் முறையைச் சோதித்தார்கள். உதவுகிறவருக்கு ஒரு படம், பேச்சில்லாதவருக்கு வேறு படம். தட்டச்சில் வந்தது உதவுகிறவர் பார்த்த படம்தான். அவர்கள் ஏமாற்றவில்லை, தங்கள் கை நகர்ந்தது அவர்களுக்கே தெரியவில்லை. நான் செய்வதுபோல் அட்டையைப் பிடித்துக் காட்டும் முறைக்கும் சேர்த்து 2018இல் அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 'பரிந்துரைக்க முடியாது' என்றே அறிக்கை விட்டது. அதே அட்டை வழியாக எழுதப் பழகியவர்தான் டிட்டோ முகோபாத்யாய். பேச்சு இல்லாதவர், கவிஞர், 2000இல் முதல் புத்தகம் வந்தது. அவருக்கு அந்த வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர் அம்மா சோமா. நான் டிட்டோவைப் பிடித்துக்கொண்டு அறிக்கையைத் தள்ளி வைத்தேன். எல்லாப் பிள்ளையும் டிட்டோ இல்லை என்பதை யாராவது சொல்லித்தானா தெரிய வேண்டும்?

புறநானூற்றில் ஔவை அதியமானிடம் சொல்வது ஒன்று உண்டு. குழந்தையின் மழலை யாழோடு சேராது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கும். என் சொல்லும் அப்படித்தான் என்பார். விழா முடிந்த சில நாள் இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு உறைத்தது. அந்தக் குழந்தையிடம் மழலையாவது இருந்தது. அது குழந்தையின் வாயிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரியில் நானே சோதித்தேன். நான் வெளியே நிற்க, அம்மா ஒரு பொருளை அவனிடம் காட்டி மறைத்துவிட வேண்டும். பிறகு நான் உள்ளே போய் அட்டையைப் பிடிப்பேன். விளையாட்டு என்று மட்டும் அவரிடம் சொன்னேன். முதல் இரண்டு முறை பொருளுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவது முறை ச் தொட்டான், ஆ தொட்டான். சாவி. அம்மா கைதட்டினார். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் வாசலில் நிற்கும்போதே சாவிக்கொத்து கலகலத்தது என் காதில் விழுந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் இது என் மனக்குடைச்சலாக மட்டும் இருந்திருக்கும். கோடையில் ஒரு நாள் போனபோது பையனின் இடது கன்னம் வீங்கியிருந்தது. "பல்தான் டீச்சர். வலியா என்று கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டான்" என்றார் அம்மா. காலண்டர் அட்டையின் பின்புறம் 31 கட்டம் போட்டு அவரே ஒன்று செய்து வைத்திருந்தார். என் அட்டையைவிட எழுத்து அழகாக இருந்தது. நான் வராத நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டானாம். பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கும் அவருக்குச் சொல்லி, அவரும் ஒரு வாரக் கூலியை விட்டுவிட்டு வந்து போயிருக்கிறார். தர்மபுரிக்கு அழைத்துப் போய்ப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் 'வலி' என்ற படத்தைத் தானே எடுத்து நீட்டக் கற்றுக்கொடுக்கும் படஅட்டைக் கட்டு என் பையிலேயே இருந்தது. கவிதை வந்த பிறகு அதை நான் வெளியே எடுக்கவே இல்லை.

வலி விஷயத்தில் அட்டையை நம்பாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. விழாவில் படித்த தாளை லேமினேட் செய்து, ரேஷன் கார்டு வைக்கும் அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கோழைத்தனம்தான். ஒருவேளை உண்மையிலேயே அவன் சொன்னதாக இருந்தால், அதைப் பிடுங்குவது அதைவிடப் பெரிய பாவம் என்றும் வைத்துக்கொள்ளலாம். தூக்கம் வராத நாளைப் பொறுத்து இதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அட்டையைக் கையில் பிடிப்பதில்லை. ஒரு மரச்சட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டு நான் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். முன்பு அரைமணி நேரத்தில் நான்கு சொல் வரும்; இப்போது பல வாரம் ஒன்றும் இல்லை. படஅட்டையில் தண்ணீர், வலி, வெளியே என்ற மூன்றையும் எடுத்துத் தருகிறான்.

போன செவ்வாய் விரல் அட்டைக்கு வந்தது. ழ் மேல் நின்றது. வெகுநேரம் நின்றது. தமிழில் ழகரத்தில் தொடங்கும் சொல் கிடையாது. முன்னாலும் பின்னாலும் எதையும் ஒட்டாமல் காத்திருந்தேன். எழுந்து அம்மியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என்ன சொன்னான் டீச்சர்?"

"ழ் என்றான்."

"அது என்ன வார்த்தை?"

நோட்டில் தேதி போட்டு அந்த ஓர் எழுத்தை மட்டும் எழுதி அவரிடம் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.